அதிவேக எஞ்சினிற் கேமும் வால்வும்

மோட்டார் எஞ்சினின் ஆற்றலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் உருளைகளின் கொள்ளளவையும் பரிவலுவின் தொகையையுமே எடுத்துரைப்பர். எரிபொருட் கலவை எவ்வழியாக உட்புகுகின்றது, எரிந்த வாயு எவ்வழியாக வெளியேறுகின்றது, அவ்வழிகளை உரிய கணத்திற் திறந்து மூடுவது யாது என்பனவற்றைச் சிந்திப்போர் சிலரே. எஞ்சின் மெல்ல ஓடும்வரை இவ்வினாக்கள் பெரியனவாகத் தோன்றா. நிமிடத்துக்கு ஆறாயிரம், ஏழாயிரம் சுற்றுக்கள் என அது விரையத் தொடங்கியதும், அதன் வலுவையும் ஆயுளையும் தீர்மானிப்பன கைக்குள் அடங்கும் சில உறுப்புக்களே என்பது புலனாகும். பொது வீதியிற் செல்லும் வண்டியொன்றின் எஞ்சினை உயர்ந்த வேகத்துக்கு ஏற்றதாக்க விரும்புவோன் இவ்வுறுப்புக்களை எவ்வாறு தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

கேமின் தொழில்

நாலடி எஞ்சினில் உள்ளிழுத்தல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு தொழில்களும் நிகழ்வதற்குக் கிராங்குத் தண்டு இருமுறை சுழல்கின்றது. அக்கால அளவில் ஒவ்வொரு வால்வும் ஒருமுறையே திறத்தல் வேண்டும். ஆதலின் வால்வுகளை இயக்கும் தண்டு கிராங்குத் தண்டின் அரைப்பங்கு வேகத்தில் ஓடுமாறு பற்சில்லுகளாலோ சங்கிலியாலோ இணைக்கப்பட்டிருக்கும். அத்தண்டின்மீது முட்டை வடிவிற் புடைத்து நிற்கும் உறுப்பே கேம் எனப்படும். பல கேம்களைத் தாங்கிச் சுழல்வது கேம் தண்டு.

பழைய அமைப்பிற் கேம் தண்டு உருளைகளுக்குக் கீழே இருக்கும். கேம் முதலில் டாப்பெற்றை உயர்த்தும். டாப்பெற் தள்ளுகோலை உயர்த்தும். தள்ளுகோல் றொக்கர் எனப்படும் நெம்புகோலின் ஒரு முனையை உயர்த்த, அதன் மறுமுனை தாழ்ந்து வால்வைத் திறக்கும். திறந்த வால்வை மீண்டும் மூடுவது சுருள்வில். எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்றுக்கள் சுழலும்போது இத்தொடர் முழுவதும் ஒரு செக்கனில் 58 தடவைக்குமேல் எழுந்து தாழ்கின்றது.

இங்கு ஓர் உண்மையை மனத்திற் பதித்தல் நன்று. திறப்பதற்காகத் தள்ளுவது கேம். அது வளையாத உருக்கு. எழும் வால்வைத் தடுத்து நிறுத்தி மீளக் கொணர்வது வில். அதன் விசைக்கு ஓர் எல்லை உண்டு. உயர்வேக எஞ்சினின் இடர்களுட் பெரும்பாலன இவ்வேற்றுமையிலிருந்தே பிறக்கின்றன.

எப்பொழுது மூடுதல் வேண்டும்

முசலம், அதாவது பிஸ்டன், கீழ்நிலையை அடைந்தவுடன் உள்வால்வு மூடப்படும் எனக் கருதுவது இயல்பு. உண்மை அவ்வாறன்று. உட்புகும் வாயுவுக்குத் திணிவு உண்டு. ஆகவே சடத்துவமும் உண்டு. வேகமாக ஓடும் எஞ்சினில், முசலம் மேலேறத் தொடங்கிய பின்னரும் குழாயில் வரும் வாயு தன் உந்தத்தால் உருளைக்குட் புகுந்துகொண்டேயிருக்கும். அதனை இழக்காதிருக்க வால்வு பிந்தி மூடப்படுதல் வேண்டும். மெதுவாக ஓடும்போது அவ்வுந்தம் இல்லை. பிந்தி மூடும் வால்வு, அப்பொழுது உட்புகுந்த கலவையின் ஒரு பகுதியை வந்த வழியே திரும்பச் செல்ல விடுகின்றது. இதனால் முறுக்கம் குன்றும்; வண்டி தயங்கித் தயங்கிப் புறப்படும்.

ஆகவே ஒரு கேமின் குணத்தை உணர்த்தும் அளவுகளுள் உள்வால்வு மூடும் கணமே முதன்மையானது. சாதாரண எஞ்சினில் அது கீழ்நிலைக்குப் பின் ஏறத்தாழ 50 பாகையில் நிகழ்ந்தால், உயர்வேக எஞ்சினில் 70 பாகையையும் கடத்தல் கூடும். வேறொரு விளைவும் இதனாற் பிறக்கின்றது. வால்வு மூடிய பின்னரே அமுக்கல் தொடங்குமாதலால், பிந்தி மூடும் கேமைப் பொருத்திய எஞ்சினின் அமுக்க விகிதத்தையும் உயர்த்துதல் வேண்டும். இன்றேற் கீழ்வேகத்தில் இழந்தது இழந்ததாகவே நிற்கும்.

இரண்டாவது அளவு உடன்திறப்பு. வெளிவால்வு மூடுமுன் உள்வால்வு திறந்துவிடுவதால் இரண்டும் சிறிது நேரம் ஒருங்கே திறந்திருக்கும். உயர்வேகத்தில் வெளியேறும் வாயுவின் ஓட்டம் புதிய கலவையை இழுத்துவர இது துணைபுரியும். குறைந்த வேகத்திலோ எரிந்த வாயு புதிய கலவையோடு கலந்து, வண்டி நிற்கும்போது எஞ்சினைக் குலுங்கச் செய்யும். உடன்திறப்பின் அளவைத் திறப்புக் கோணமும், உள்வால்வுக் கேமுக்கும் வெளிவால்வுக் கேமுக்கும் இடையிலுள்ள கோணமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இரு கேம்களும் 254 பாகை திறப்புடையன, இடைக்கோணம் 114 பாகை எனின், உடன்திறப்பு 254இலிருந்து 228ஐக் கழிக்க வரும் 26 பாகை. கேம்களை மாற்றாது இடைக்கோணத்தை மாத்திரம் 106 ஆக்கினால் அது 42 பாகையாகும். ஒரே கேமின் உருவங்களைக் கொண்ட இரு தண்டுகள் வீதியில் வெவ்வேறு குணங்காட்டுவதற்குக் காரணம் இதுவே.

ஓர் எடுத்துக்காட்டு

இவ்வளவுகள் ஒன்றோடொன்று இயைந்து நிற்பதைக் காண்பதற்கு அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டு முதல் 1969ஆம் ஆண்டு வரை விற்கப்பட்ட செவ்ரொலெற் கமாரோ இசற்-28 என்னும் காரின் எஞ்சின் தக்க சான்றாகும். அக்காலத்து ட்ரான்ஸ்-ஆம் பந்தயத்தில் எஞ்சினின் கொள்ளளவு 305 கன அங்குலத்தை, அதாவது 5 லீற்றரை, மீறலாகாது என்பது விதி. செவ்ரொலெற் பொறியியலாளர் தம்மிடமிருந்த 327 கன அங்குல எஞ்சினின் 4 அங்குல விட்டத்தையும், 283 கன அங்குல எஞ்சினின் 3 அங்குல அடி நீளத்தையும் சேர்த்து 302 கன அங்குல எஞ்சினை ஆக்கினர். அகன்ற உருளை பெரிய வால்வுகளுக்கு இடமளித்தது. குறுகிய அடி முசலத்தின் வேகத்தைக் குறைத்தது. 7,000 சுற்றுக்களிலும் முசலத்தின் சராசரி வேகம் செக்கனுக்கு 18 மீற்றரைத் தாண்டவில்லை.

இதற்குப் பொருத்தப்பட்ட கேம் தண்டு, கோர்வெற் காரை வளர்த்த பொறியியலாளராகிய சோரா ஆர்க்கஸ் டன்ரொவின் பெயரோடு சேர்த்து ‘முப்பது-முப்பது’ என வழங்கப்பட்டது. இருவகை வால்வுகளிலும் விடவேண்டிய இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 30 பங்கு என்பதே அப்பெயரின் காரணம். டாப்பெற் 0.050 அங்குலம் எழுந்த நிலையிலிருந்து அளந்தால் அதன் திறப்புக் கோணம் 254 பாகை. வால்வின் எழுச்சி 0.485 அங்குலம், கேம்களின் இடைக்கோணம் 114 பாகை.

இவ்வெழுச்சி தற்செயலாக அமைந்ததன்று. திறந்த வால்வைச் சுற்றி வாயு செல்லும் வழி, வால்வின் சுற்றளவை எழுச்சியாற் பெருக்க வரும் பரப்பாகும். எழுச்சி விட்டத்தின் காற்பங்கை எட்டும்போது அப்பரப்பு வால்வுத் தலையின் பரப்புக்குச் சமமாகின்றது. 302 எஞ்சினின் உள்வால்வு 2.02 அங்குல விட்டமுடையது. அதன் காற்பங்கு 0.505 அங்குலம். எனவே 0.485 என்னும் எழுச்சி அவ்வால்வினாற் பெறக்கூடிய பயனை ஏறக்குறைய முழுமையாகப் பெறுகின்றது. அதற்குமேல் உயர்த்தினால் வாயு வழியின் வடிவமே தடையாக நிற்க, வில்லுக்கு மாத்திரம் சுமை ஏறும்.

அமுக்க விகிதம் 11இற்கு 1 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. கியர் மாற்றியும் கையால் இயக்கும் நான்கு கியர் அமைப்பாகவே கிடைத்தது. அறிவிக்கப்பட்ட வலு 5,800 சுற்றுக்களில் 290 பரிவலு. உண்மை வலு அதனினும் மிகுதி என்பது பரவலான கருத்து. உருளை, அடி, வால்வு, கேம், அமுக்கம், கியர் ஆகிய யாவும் ஒரே நோக்கை உடையனவாக இருந்தமையே இவ்வெஞ்சினின் சிறப்பு. அதன் கேம் தண்டை மாத்திரம் கழற்றி, நீண்ட அடியும் தாழ்ந்த அமுக்கமும் தானியங்கிக் கியரும் உள்ள குடும்பக் காரிற் பொருத்துவோன் அதன் குறைகளையே பெறுவான்.

வால்வு கேமை விட்டு விலகுதல்

இனி விசைகளை நோக்குதல் வேண்டும். மேற்கூறிய கேமின் இடைவெளியைக் கழித்தால் வால்வு உண்மையில் எழுவது 0.455 அங்குலம், அதாவது ஏறத்தாழ 11.5 மில்லிமீற்றர். 7,000 சுற்றுக்களில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் செக்கனின் ஆயிரத்தில் 8.6 பங்கு. அதில் 254 பாகை கடக்க 6 பங்கு ஆகும். எழுவதற்குக் கிடைப்பது 3 பங்கு. முற்பாதியில் ஒரே சீராக வேகம் பெற்றுப் பிற்பாதியில் ஒரே சீராக வேகம் இழக்கிறதென உத்தேசமாகக் கொண்டால், வால்வின் ஆர்முடுகல் புவியீர்ப்பினுடையதைப் போல ஐந்நூறு மடங்குக்குமேல் வரும். இயங்கும் உறுப்புக்களின் பயனுறு திணிவு 200 கிராம் எனின், அவற்றைத் தடுத்து நிறுத்துதற்கு வில் தரவேண்டிய விசை நூறு கிலோகிராம் நிறைக்குச் சமமாகும். இவ்விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 3,500 சுற்றுக்களில் இதில் காற்பங்கே போதும். 6,000 சுற்றுக்களுக்குப் போதியதாயிருந்த வில், 7,000 சுற்றுக்களில் 36 வீதம் மிகுதியான விசையைத் தரவேண்டியதாகும்.

வில் தோற்றால், டாப்பெற் கேமின் உச்சியைத் தொடராது அந்தரத்தில் எழும். இதனை வால்வு மிதத்தல் என்பர். மிதந்த வால்வு கேமின் சரிவில் மெல்ல இறங்காது ஆசனத்தில் மோதித் துள்ளும். துள்ளும் வால்வை மேலேறும் முசலம் சந்தித்தால் எஞ்சின் ஒரு கணத்தில் அழிந்துபோம். ஆதலாற் கேமை வடிப்போர் திறப்பின் தொடக்கத்திற் கடுமையான ஆர்முடுகலைக் குறுகிய கோணத்துள் முடித்து, தடுத்து நிறுத்தும் பகுதியை நீண்ட கோணத்திற் பரப்பி வில்லின் சுமையைக் குறைப்பர். ஒரே திறப்பும் ஒரே எழுச்சியும் உடைய இரு கேம்களுள் ஒன்று அமைதியாக ஓட, மற்றது வில்லை முறிப்பதற்கு இவ்வடிவ வேறுபாடே காரணம். விற்பனைப் பட்டியலில் எழுச்சியை மாத்திரம் பார்த்துத் தெரிவோன் இதனை அறியான்.

திணிவைக் குறைத்தலும் விறைப்பைக் கூட்டலும்

வில்லை வலிதாக்குவது ஒருவழி. தடுக்கப்படும் திணிவைக் குறைப்பது மேலான வழி. ஆயினும் எவ்விடத்துக் குறைத்தல் வேண்டும் என்பதை அறிதல் வேண்டும். செவ்ரொலெற் றொக்கரின் விகிதம் 1.5, வால்வு டாப்பெற்றைப் போல ஒன்றரை மடங்கு நகர்கின்றது. ஆகவே டாப்பெற் பக்கத்துத் திணிவு வால்வின் பக்கத்தில் 1.5இன் வர்க்கமாகிய 2.25ஆல் வகுக்கப்பட்டே உணரப்படும். வால்விலோ வில்லைத் தாங்கும் மேற்தட்டிலோ குறைக்கப்படும் ஒரு கிராம், டாப்பெற்றிற் குறைக்கப்படும் இரண்டேகால் கிராமுக்கு ஈடாகும். மெல்லிய தண்டுடைய வால்வுகளும் தைற்றேனியத்தாலான மேற்தட்டுக்களும் விலை மிகுந்தும் விரும்பப்படுவது இக்கணக்கினாலேயே.

தள்ளுகோலின் நிலைமை இதற்கு மாறானது. அது மெதுவாக நகரும் பக்கத்தில் இருப்பதால் அதன் நிறை பெருந்தீங்கு செய்யாது. அதன் வளைவே தீங்கு செய்யும். மெல்லிய தள்ளுகோல் திறப்பின் தொடக்கத்தில் வளைந்து சத்தியைச் சேமித்து, பின்னர் நிமிர்ந்து வால்வைக் கேம் கூறாத உயரத்துக்கு எறியும். ஆகவே தடித்த சுவருடைய, சிறிது நிறை கூடிய தள்ளுகோலே உயர்வேகத்துக்கு நன்று. இவ்வாறே, றொக்கரைத் தாங்குவதற்கு உருளைத்தலையில் அழுத்திச் செருகிய ஆணிகள் வலிய வில்லின் இழுப்பாற் கழன்று எழுதல் கூடும். திருகிப் பொருத்தும் ஆணிகள் அவ்விடத்துக்கு வேண்டப்படும்.

சுருள்வில்லுக்கும் ஒரு மீடிறன் உண்டு. கேமின் அதிர்வுகள் அதனோடு பரிவுறுமாயின் சுருள்களினூடே அலைகள் ஓடி, வில்லின் விசை வேண்டிய கணத்திற் குன்றிப்போம். ஒன்றினுள் ஒன்றாக இரு விற்களை இடுவதும், இடையே உராயும் தட்டையான சுருளைச் செருகுவதும், மேல்நோக்கிக் குறுகிச் செல்லும் தேன்கூட்டு வடிவ வில்லை ஆள்வதும் இவ்வலைகளை அடக்கும் முறைகளாம்.

டாப்பெற் வகைகள்

எண்ணெய் நிறைந்த டாப்பெற் தானே இடைவெளியைச் சரிசெய்து ஓசையின்றி ஓடும். ஆயின் வால்வு மிதக்கும் கணத்தில் அது இல்லாத இடைவெளியையும் நிரப்பிக்கொண்டு, வால்வு முழுதும் மூடாதவாறு தடுத்துவிடும். திண்ம டாப்பெற்றுக்கு இக்குறை இல்லை. அதன் இடைவெளியைக் காலந்தோறும் அளந்து சரிசெய்யும் பொறுமையே வேண்டும்.

தட்டையான அடியுடைய டாப்பெற்றில், எழுச்சி எவ்வளவு விரைவாக நிகழ்கின்றதோ அவ்வளவுக்குத் தொடும் புள்ளி நடுவிலிருந்து விலகும். அது விளிம்பைத் தாண்டினாற் கேம் உடனே அரைக்கப்பட்டுவிடும். செவ்ரொலெற் டாப்பெற்றின் விட்டம் 0.842 அங்குலமாகையால் அதன் கேமின் வேகத்துக்கு அதுவே எல்லை. அடியிற் சில்லுப் பூட்டிய டாப்பெற்றுக்கு இவ்வெல்லை இல்லை, உராய்வும் குறைவு. எனினும் அது நிறை மிகுந்தது. வலிய வில்லையும் வேண்டுவது.

தட்டை டாப்பெற்றை ஆள்வோர் எண்ணெயையும் கவனித்தல் வேண்டும். புகைபோக்கியில் உள்ள வினையூக்கியைக் காக்கும் பொருட்டு இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கார் எண்ணெய்களில் நாகமும் பொசுபரசும் சேர்ந்த தேய்வுத் தடுப்புப் பொருளின் அளவு குறைக்கப்பட்டது. பழைய வகைக் கேம்களுக்கு அப்பொருள் இன்றியமையாதது. இன்னொரு நுட்பமும் உண்டு. உயர்வேகத்தில் வால்வின் சடத்துவம் வில்லின் விசையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வதால் கேமின் உச்சிக்குச் சுமை குறைவு. மெதுவாக ஓடும்போதோ முழுச்சுமையும் அவ்வுச்சியின்மீதே விழும். ஆகவே புதிய தட்டைக் கேமை முதன்முறை ஓட்டும்போது உள்வில்லை நீக்கிவிட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிடாது 2,000 சுற்றுக்களை ஒட்டிய வேகத்திற் சுமார் இருபது நிமிடம் ஓட்டுவது அனுபவமுள்ளோர் வழக்கம். வேகத்துக்காக இட்ட வலிய வில் வேகமில்லாத வேளையிலேயே கேமைத் தின்னும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பூட்டுமுன் அளத்தல்

உறுப்புக்கள் யாவும் தெரிந்தெடுத்த பின்னரும் அளந்து பாராது பூட்டுதல் தகாது. வால்வு முழுதும் திறந்த நிலையில் வில்லின் சுருள்கள் ஒன்றையொன்று தொடாதிருக்க ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் எஞ்சுதல் வேண்டும். மேற்தட்டு, வால்வு வழிகாட்டியின் தலையில் முட்டலாகாது. முசலத்துக்கும் உள்வால்வுக்கும் இடையே 2 மில்லிமீற்றரும், வெளிவால்வுக்கு 2.5 மில்லிமீற்றரும் குறைந்த அளவாகக் கொள்ளப்படும். வெளிவால்வு கூடுதல் வெப்பத்தால் நீள்வதும், மேலேறும் முசலம் அதனைத் துரத்தி வருவதும் இவ்வேறுபாட்டுக்குக் காரணம். இவ்விரண்டும் மேல்நிலைக்கு முன்னும் பின்னும் சுமார் பத்துப் பாகையில் மிக நெருங்குமாதலின், அவ்விடங்களிலேயே அளத்தல் வேண்டும். மேல்நிலையில் மாத்திரம் அளந்தோர் ஏமாறுவர்.

பிற வழிகள்

வில்லின் எல்லையைக் கடக்கப் பிறரும் முயன்றனர். மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் 1954ஆம் ஆண்டுப் பந்தயக் காரில் வால்வை மூடுவதற்கும் ஒரு கேமை வைத்தது; இத்தாலியில் டுகாட்டி நிறுவனத்தின் பொறியியலாளர் பாபியோ தல்யோனி 1956இல் அம்முறையை மோட்டார்ச் சைக்கிளிற் கையாண்டார். ரெனோ நிறுவனம் 1986இற் பந்தய எஞ்சினில் உருக்கு வில்லுக்குப் பதிலாக அமுக்கிய வாயுவைப் பயன்படுத்தியது.

வீதி வண்டிக்கு மிகப் பொருத்தமான விடையை யப்பானிய ஹொண்டா நிறுவனம் 1989இல் அளித்தது. அதன் 1.6 லீற்றர் எஞ்சினில் ஒவ்வோர் இணை வால்வுக்கும் மூன்று கேம்கள் உண்டு. தாழ்ந்த வேகத்தில் ஓரங்களிலுள்ள சிறிய கேம்கள் வால்வுகளை இயக்கும். வேகம் உயர்ந்ததும் எண்ணெய் அமுக்கம் ஒரு முளையைத் தள்ளி, நடுவிலுள்ள பெரிய கேமோடு அவற்றைப் பிணைக்கும். அவ்வெஞ்சின் 7,600 சுற்றுக்களில் 160 பரிவலு தந்ததோடு, நகரத் தெருவிலும் அடக்கமாக ஓடிற்று. இருவேறு தேவைகளை ஒரு கேம் முழுதும் நிறைவேற்ற இயலாது என்பதை ஒப்புக்கொண்டதே இவ்வமைப்பின் அறிவு.

முடிபு

கேமைத் தெரிந்த பின் பிறவற்றை அதற்கு இயைவித்தல் பலரின் வழக்கம். முறை அதற்கு மறுதலையானது. வண்டி நாள்தோறும் எவ்வேகத்தில் ஓடப்போகின்றது என்பதை நேர்மையாக முடிவு செய்தல் முதற்படி. அவ்வேகத்துக்கு உருளைத்தலை எவ்வளவு வாயுவை விடும் என அறிதல் அடுத்தது. அதன்பின் உள்வால்வு மூடும் கணமும், எழுச்சியும், கேமின் வடிவமும். அவ்வடிவத்துக்கேற்ற டாப்பெற்றும் வில்லும். அவ்வில்லைத் தாங்கும் தள்ளுகோலும் றொக்கரும் ஆணியும் என்னும் வரிசையிலே செல்லுதல் வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் பிறவற்றினின்று வேறுபட்ட நோக்கை உடையதாயின் தொடர் முழுவதும் அவ்விடத்தே அறும். ஆயிரம் சுற்றுக்கள் கூடுதலாக வேண்டுமென்ற ஆசைக்குப் பெரிய கேமை வாங்கி எஞ்சினை இழந்தோர் உளர். தன் தேவைக்கு அளவாகத் தெரிந்து, அளந்து பூட்டியவனுடைய வண்டியோ காலையிற் கடைத்தெருவில் அமைதியாகவும் நெடுஞ்சாலையில் விரைவாகவும் ஓடும். உயர்வேக எஞ்சினைப் படைப்பது மிகுதி அன்று, பொருத்தமே என்பது இதனாற் பெறப்படும்.